நானா கழுவித் தந்த இலைகள்

நானாவின் ஆட்டோவில், அவர் இருக்கைக்குப் பின்புறம் ஓர் இலை ஒட்டப்பட்டிருக்கிறது. சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய காட்டு இலை. அந்த ஆட்டோவில் அழுக்கென்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

திகன ஊர்க்காரரான நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்படியொரு சுத்தக்காரர். மழை நாளில் குடையை உதறி மடித்த பிறகுதான் ஏறவிடுவார். அவரைப் போய் மலைக்காட்டு ஓடைக்கு எங்களை ஏற்றிச் செல்லப் பிடித்தோமே, அது எங்கள் தைரியம். இலைகளை வலைப்பைகளில் கட்டி ஓடையில் போட்டு, எந்தப் பூச்சி, எந்த இறால் எந்த இலையைத் தின்று உக்க வைக்கிறது என்று பார்ப்பது பல்கலைக்கழக மிஸ்ஸின் பட்ட ஆராய்ச்சி. நான் அவருடைய உதவியாளர். “குப்பையக் கட்டி ஆத்துல போட்டுட்டு, பொறகு அதையே தேடிப் போறீங்களே புள்ள” என்று வழிநெடுகச் சிரிப்பார் நானா.

கடைசிப் பைகளை எடுக்கவேண்டிய நாளில் மிஸ்ஸுக்குக் கடும் காய்ச்சல். எனக்கு அண்ணன் கல்யாணம். பெருமழை இறங்கினால் பைகள் அடித்துக்கொண்டு போய்விடும். நானா தானே போய் எடுத்து வந்தார். மறுநாள் ஆய்வுகூட மேசையில் பைகள் பளிச்சென்று இருந்தன.

“நல்லா அலசித் தந்திரிக்கேன் மிஸ். உசுருள்ளதெல்லாம் ஓடையிலேயே உட்டுட்டேன்.”

மிஸ்ஸின் பட்டமே அந்த உயிர்களை எண்ணுவதில்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மிஸ் மெல்ல விளக்க விளக்க நானாவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்ததும் என் கோபமும் போய்விட்டது. மிஸ் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க நானா. பையத் திரும்பத் தைச்சிக்குவோம்.”

முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு வருடம் தள்ளிப்போனது. இந்த முறை பைகளைச் சேற்றோடு பொலித்தீனில் கட்டி எடுத்தோம். கொண்டுபோன பெட்டியில் இடம் போதவில்லை. நானா மிச்சத்தைத் தன் பின்சீட்டில் வரிசையாக வைத்தார். சேறு கசிந்து சீட்டெல்லாம் வழிந்தது. நான் துணியை எடுத்தேன்.

“தொடைக்காதீங்க புள்ள. உள்ளுக்கு யாராச்சும் இரிப்பாங்க.”

மிஸ் பட்டம் வாங்கினார். வேலை முடிந்த இலைகளில் ஒன்றை நானா கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வாரம் குண்டசாலையில் என்னோடு ஏறிய அம்மா ஒருவர், நல்ல மனதோடுதான், அந்த இலையைப் பிய்த்தெறியக் கை நீட்டினார். கண்ணாடியில் கண்டுவிட்ட நானா ஆட்டோவை ஓரம்கட்டினார்.

“அது குப்பையில்ல அம்மா,” என்றார். “அது மிஸ்ஸுட ஒரு வருஷம்.”