எழுந்ததும் இறங்கும் அழுத்தம்

என் வீட்டுக்காரருக்குப் பல வருடங்களாக ரத்தக் கொதிப்பு. மாத்திரையை மறக்க மாட்டார்; சொன்ன பேச்சைக் கேட்கவும் மாட்டார். மலையாள எல்லையோரம் பெருமாட்டியில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு நாள் குத்தவைத்துச் சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவர், போன் அடித்ததும் சடக்கென்று எழுந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டி மட்டைக் குவியலின் மேல் சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கருவியில் பார்த்தேன். நூற்றெழுபது.

"பாத்தியா புள்ள, பிரஷர் ஏறித்தான் உளுந்திருக்கறேன்" என்றார்.

யாரையும் கேட்காமல் அன்று சாயங்காலம் கூடுதலாக ஒரு மாத்திரை விழுங்கியிருக்கிறார். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் மறுபடி தலைசுற்றி, கதவு நிலையில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டார். அப்போதுதான் மாத்திரை விஷயமே எனக்குத் தெரிந்தது. ஆட்டோ பிடித்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நெற்றியில் தையல் போட்ட பிறகு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார். நூற்றெழுபத்திரண்டு. எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார். நூற்றுப் பதினெட்டு.

"மிஷின் கேடுங்க. வேற கொண்டாங்க" என்றார் இவர்.

வேறொன்று வந்தது. அதுவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். "கழுத்தில் போற ரத்தக்குழாயோட சுவர்ல பிரஷரைக் கவனிக்கிற நரம்பு உண்டு. குழாய் விரியறதையும் சுருங்கறதையும் வெச்சுத்தான் அது மூளைக்குச் சொல்லும். உங்க குழாய் விறைச்சுப்போச்சு. அதனால பிரஷர் ஏறினாலும் அதுக்குச் சரியாத் தெரியாது, எழுந்ததும் இறங்கினாலும் தெரியாது. தெரிஞ்சாத்தானே இதயத்தை வேகமா அடிக்கச் சொல்லும்?"

"அப்ப அந்தக் குழாயை மாத்திருங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அதெல்லாம் மாத்த முடியாது. நீங்க எழுந்திருக்கற விதத்தை மாத்துங்க" என்றார் அவர். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் திருத்தி எழுதினார். படுக்கையிலிருந்து எழுந்தால் அறுபது எண்ணும் நேரம் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக நிற்க வேண்டும். தானாக மாத்திரையைக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

முதல் வாரம் முழுக்க நான் கட்டிலோரம் காவல் நின்றேன். போன் அடித்தால் துள்ளுவார். "ஏனுங்க, உக்காருங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது.

அப்புறம் என்ன தோன்றியதோ, திடீரென்று பக்தி வந்த மாதிரி எல்லாவற்றையும் கடைப்பிடிக்க ஆரம்பித்தார். அதற்கும் நான்தான் அனுபவித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் எதிரே வந்து நின்று கும்பிட்டார். இவரோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பொறு என்பதுபோல் ஒரு கையைக் காட்டிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து எழுவதற்குள் அவர் முகம் கறுத்துப் பந்திக்குக்கூடப் போகாமல் வாசலுக்குப் போய்விட்டார். செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி, ரத்தக்குழாய் விறைத்த கதையை நான்தான் தெருவில் நின்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

திரும்பி வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க" என்றேன்.

"எண்ணிக்கை தப்பிருமல்ல? நீதான மொள்ள எந்திரிக்கோணும்னு சொன்னே" என்றார்.

அன்றைக்கு நான் பாயசத்தைத் தொடவில்லை. ஆனால் நெற்றித் தையல் ஆறியதிலிருந்து மனிதர் ஒரு முறைகூட விழவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.