அக்கா சொன்ன ரெண்டு

கட்டிலின் ஓரத்தில், இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, வயிற்றை மடியில் இறக்கி வைத்ததுபோல உட்கார்ந்திருப்பார். வைத்திக்குப்பத்து அக்காவை நினைத்தால் எனக்கு அந்த உட்காரல்தான் முதலில் வருகிறது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். சினைப்பையில் வந்த புற்றுநோய் பரவி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது.

நான் அந்த வார்டில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை. நீர் கோத்தவர்களின் தொந்தரவை அளப்பது என் வேலை. வயிறு எவ்வளவு இறுகுகிறது, மூச்சு எவ்வளவு முட்டுகிறது, சோறு இறங்குகிறதா, குனிய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லையென்றால் பத்து. நோயாளி சொல்வதுதான் அளவு, நம் கண்ணுக்குத் தெரிவது அல்ல என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை நான் அப்படியே காப்பாற்றினேன். யார் எந்த எண் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வேன்.

அக்கா எல்லாவற்றுக்கும் "ரெண்டு" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஊசி போட்டு நீரை இறக்கினால் உடம்பு தளரும், கிருமி தொற்றவும் கூடும் என்பதால், தொந்தரவு குறைவாக இருப்பவர்களுக்கு டாக்டர் அவசரப்பட மாட்டார். "வயிறு பெருசாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா ரெண்டுதானே சொல்றாங்க. பொறுத்துப் பாப்போம்" என்பார்.

ஒரு மதியம் பக்கத்துக் கட்டிலில் திரைக்குப் பின்னால் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் நாத்தனார் கஞ்சி கொண்டுவந்திருந்தார்.

"இன்னா அண்ணி, இன்னும் தண்ணி எடுக்கலையா?"

"எங்க எடுக்கறாங்க? அந்தப் பாப்பா வந்து கேக்குது. நான் ரெண்டுன்றேன். ஏத்தவே மாட்டேங்குது. அப்படியே எழுதிக்கினு போயிடுது."

"நீயே ஏத்திச் சொல்றதுதானே?"

"எடுத்த எடுப்புல எவளாவது முழு வெலய சொல்லுவாளா? நான் கீழ கேக்கணும், அவ மேல ஏத்தணும், அப்புறம்தானே படியும். படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியல. கூடைய குடுத்து ஏலத்துக்கு அனுப்பினா, ஒரு மத்தி வாங்கினு வராது."

நாத்தனார் சிரித்தார். அக்காவும் சிரிக்கத் தொடங்கி, மூச்சு முட்டிப் பாதியில் நின்றார்.

ஒவ்வொரு காலையும் அவர் பேரத்தைத் தொடங்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூங்கி, மறுநாளும் ரெண்டு என்று சொல்லிவிட்டு, இன்றாவது ஏற்றுவாளா என்று என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

திரையை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றேன்.

"அக்கா, வயிறு இறுக்கம் ரெண்டா? அஞ்சுன்னு போடட்டுமா?"

அவர் முகம் மாறியது. கூடைக்காரி முகம். "ம்ஹூம்."

"ஏழு?"

"ஏத்து."

"எட்டு?"

அக்கா சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை. "இன்னும் ஏத்து பாப்பா" என்றார் அக்கா.

ஒன்பதில்தான் தலையசைத்தார். நான் டாக்டரிடம் ஓடினேன். அன்று சாயங்காலமே நீரை இறக்கினார்கள். மஞ்சள் நீர் பையில் இறங்க இறங்க, அக்கா ஊன்றியிருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு மல்லாந்து படுத்தார். அவர் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே தூங்கிப்போனார்.

அதன் பிறகு சில மாதங்களே இருந்தார். நீர் மறுபடி மறுபடி சேர்ந்தது. ஆனால் எண்ணை நாங்கள் இருவரும் பேசித்தான் முடித்தோம்.

அது அக்காவுக்கு மட்டும் உள்ள ஏல வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்தவர், ஏலமே பார்த்திராதவர், வயிறு இறுக்கம் எவ்வளவு என்று கேட்டதற்கு "மூணும்மா" என்றார். எழுதப் போனவள் நிறுத்தி, சும்மா, "அஞ்சா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் மேல" என்றார்.