நவம்பரில் தவம் அண்ணை காட்டிய வெயில்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கல்யாணத்தன்று பட்டு வேட்டிக்கு உள்ளே நான் பெண்கள் இடுப்புவரை இழுத்துப் போடும் கம்பளிக் காலுறை, ரைற்ஸ், போட்டிருந்தேன். காப்பி நிறம். லண்டனில் குரோய்டன் சந்தையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் வாங்கியது. மனைவிக்கா என்று அவள் கேட்டாள். மனைவி என்று ஒருத்தி இன்னும் ஆகாத நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். இந்த இரகசியம் பன்னிரண்டு வருடமாக இரண்டே பேருக்குத்தான் தெரியும்: எனக்கும், வீடியோத் தவம் அண்ணைக்கும். என் மனைவி சாந்தாவுக்கே இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும்.

போன கிழமை ஒரு பின்னேரம் சாந்தா தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். "தவம் அண்ணை மோசம் போயிட்டாராம்" என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், தேத்தண்ணி கொண்டுபோனபோது எழும்பவில்லையாம். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், தானும் கரைச்சல்படாமல் போய்விட்டார். அதில் எங்களுக்கு ஒரு ஆறுதல். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய முகம் அல்ல, அந்த ரைற்ஸ். ஒரேயொரு சாட்சியும் போய்விட்டது என்று மனம் ஒரு கணம் இலேசாகியது. அப்படிப்பட்ட மனதுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் கல்யாணம் கட்டிய உங்களில் பாதிப்பேருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிழமை நாட்களில் ரயில் நிலையத்தில் டிக்கெற் பார்ப்பார். சனி ஞாயிறில் வலது தோளில் கமரா, இடது கையில் ஆயிரம் வாட் லைற், காலுக்குள் ஒரு பாம்பு மாதிரி வயர். அந்த வயரில் தடுக்கி விழாத சம்பந்தி இல்லை. "கமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார். எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் கேக்கை யார் முதலில் ஊட்டுவது என்று நடந்த போர்களை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ரோசாப் பூவை விரிய வைத்தவர் அவர். உங்கள் கசெற்றில் ரோசா விரிந்தால், அங்கே என்ன நடந்தது என்று உங்கள் மாமியாரைக் கேளுங்கள்.

என் கல்யாணம் எண்பதுகளின் பின்பாதியில் ஒரு நவம்பரில் நடந்தது. நாள் வைத்த சாத்திரியார் யாழ்ப்பாணத்தில் இருந்தார். கிரகங்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தவர், லண்டன் குளிரை மட்டும் விட்டுவிட்டார். அந்த வருடம் மாரி தொடங்கமுதலே மாரிக்குரிய குளிர் வந்து குந்திக்கொண்டது. இலைகள் விழுந்து முடியமுதல் உறைந்து மரத்திலேயே தொங்கின. தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த ஹோலில் அன்று ஹீற்றர் எரியவில்லை. கதைக்கிறவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. ஓமகுண்டத்தில் இருந்து வரவில்லை. தீயணைப்புப் படை வந்துவிடும் என்று பயந்து ஐயர் அதில் ஒரு கற்பூரத்தைத்தான் கொளுத்தியிருந்தார்.

வாசலில் கால் கழுவினார்கள். மாப்பிள்ளைத் தோழனாக வந்த சாந்தாவின் மச்சான் செம்பு நிறையக் குழாய்த் தண்ணீரை என் காலில் ஊற்றினான். ரைற்ஸின் பாதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு வந்திருந்தேன், அதெல்லாம் சரி. ஆனால் வெட்டிய விளிம்பு கழன்று, கணுக்காலுக்குக் கீழே ஒரு காப்பி நிற நூல் தொங்கியது. கமரா காலைக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. தவம் அண்ணை குனிந்து, காதுக்குள் சொன்னார்:

"தம்பி, காலை உள்ளுக்கை இழும். கமரா பாத்திட்டுது."

எங்கள் கசெற்றில் அந்த இடத்தில் அரை நிமிடத்துக்கு ஹோலின் கூரை தெரியும். அதைக் கலை என்று பாராட்டியவர்களும் உண்டு.

உண்மையான ஆபத்து பிறகுதான் வந்தது. கூறைத் தட்டை வாங்கிக்கொண்டு சாந்தா சேலை மாற்ற உள்ளே போனாள். மணவறையில் நான் தனியே. வெறும் மேலில் ஒரு சால்வை, தலையில் தலைப்பாகை. நனைந்த காலில் இருந்து நடுக்கம் மேலே ஏறி, முழங்காலைத் தாண்டி, பல்லுக்கு வந்து சேர்ந்தது. முன்வரிசையில், சட்டன் என்ற ஊரில் இருப்பதால் அந்தப் பெயர் பெற்ற சட்டன் மாமா இருந்தார். சாந்தாவின் தாய்மாமன், அவளை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்தவர், தாய் தகப்பன் ஊரில் நிற்க இங்கே அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர். எழும்பிக் கிட்ட வந்தார்.

"உமக்குக் காய்ச்சலோ?"

"இல்லை மாமா. குளிர்."

"எனக்கும்தான் குளிருது. நான் நடுங்குறனோ?"

அவர் சூட்டுக்கு மேலே ஓவர்கோட்டும் அதற்கு மேலே மப்ளரும் கட்டியிருக்கிறார் என்பதை எடுத்துச் சொல்லும் நிலையில் என் பற்கள் இல்லை. அவர் மனைவியின் பக்கம் திரும்பி, மூன்றாம் வரிசைக்குக் கேட்கிற இரகசியத்தில் சொன்னார்: "இது வலிப்புக் குணம். எங்களுக்கு மறைச்சுப்போட்டினம். தாலி கட்டமுதல் ஒரு டொக்டரிட்டைக் காட்டுவம். பிள்ளையை உள்ளுக்கையே இருக்கச் சொல்லு."

எனக்கு முன்னமே மூன்று சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. ஒன்று சாதகத்தில், ஒன்று சீதனத்தில், ஒன்று என்னை நேரில் பார்த்ததில். இது நாலாவது. சாந்தாவை நான் அதற்கு முன் இரண்டு தரம்தான் கண்டிருந்தேன், இரண்டாம் தரம் அவள் என் பகிடி ஒன்றுக்குச் சிரித்திருந்தாள். முகூர்த்தம் முடிய இருபது நிமிடம் இருந்தது. டொக்டரைத் தேடிப் போனால் இந்த வாழ்க்கையில் இனி எனக்குத் தாலி கட்ட ஒரு கழுத்தும் கிடையாது என்று விளங்கியது. விளங்கியதும் இன்னும் நடுங்கினேன்.

அப்போது என் இடது பக்கத்தில் சூரியன் உதித்தது.

"ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ. மாப்பிள்ளையின்ரை முகத்திலை உங்கடை நிழல் விழுது," என்றபடி தவம் அண்ணை லைற்றை என் கன்னத்துக்கு ஒரு முழத்தில் பிடித்தார்.

"அவர் நடுங்குறார், நீர் படம் பிடிக்கிறீரோ?" என்றார் மாமா.

"அவர் நடுங்கேல்லை ஐயா. என்ரை கை நடுங்க வெளிச்சம் ஆடுது."

"உம்மடை கை நடுங்கினா அவற்றை பல்லு ஏன் அடிக்குது?"

"தாலி கட்டேக்கை சொல்லுற மந்திரத்தைப் பாடமாக்கிறார். படிச்ச பொடியன்."

என்னிடம் வாயசைக்காமல் சொன்னார்: "நெஞ்சை நிமித்தும். சால்வையை விலத்தும். வெயில் காயுறமாதிரி இரும்."

இருந்தேன். முதலில் கன்னம், பிறகு தோள், பிறகு வயிறு. கொஞ்ச நேரத்தில் முழங்கால்கள் என் சொல்லைக் கேட்கத் தொடங்கின. மாமா குனிந்து என் நாடியைப் பிடித்தார். பிடித்தவர் கையை எடுக்கவில்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளேயே வைத்திருந்தார். மற்றக் கையையும் நீட்டினார். மப்ளரைத் தளர்த்தினார். "இப்ப பரவாயில்லை. பிள்ளையை வரச் சொல்லு," என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக இனிமையான வசனம் அதுதான். சாந்தா பிறகு சொன்ன எதுவும் அதற்குக் கிட்ட வரவில்லை.

தாலி கட்டும்வரை தவம் அண்ணை அந்த லைற்றை என்னைவிட்டு நகர்த்தவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்தார். வழக்கமாகக் கமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடும் மாமிமார் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு என் இடது பக்கம் வந்து குந்தினார்கள். வலது பக்கத்தில் ஐயர் மட்டும் தனியே இருந்து விறைத்தார்.

இதற்கு ஒரு விலை இருந்தது. கசெற்றில், மணமகள் கூறையோடு வரும் காட்சியில் மணமகள் இல்லை. வேர்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டு வீடியோ டெக்கில் அதைப் போட்டுப் பார்த்த என் மாமி, "மாப்பிள்ளை நல்ல நிறம். என்ரை பிள்ளையையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்" என்று கடிதம் போட்டார். அடுத்த முறை தவம் அண்ணை வீட்டுக்கு வந்தபோது சாந்தா கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணை, என்ரை கலியாணத்திலை நான் எங்கை?"

அவர் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "பிள்ளை, உம்மைப் பிடிக்காமல் விட்டாலும் நீர் ஓடமாட்டீர். இவரை விட்டிருந்தா இவர் செத்திருப்பார்." பிறகு தானே கமராவை எடுத்து, அவளைக் கூறை கட்டச் சொல்லி, எங்கள் முன்னறையில் நடக்க வைத்துப் பிடித்து, மாமிக்கு அனுப்பி வைத்தார். மாமி கடைசிவரை அதைக் கல்யாணத்தன்று எடுத்தது என்றே நம்பினார். பின்னால் தொங்கிய எங்கள் மழைக்கோட்டுகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு நினைவை நீங்கள் வைத்திருப்பீர்கள். தவம் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு கல்யாணம். முழுதாக, இரண்டு பிள்ளைகளோடு. குளிர் நாட்களில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் வெயில் விழுந்தால் என் இடது கன்னம் தானாகத் திரும்புகிறது, அதையும் வைத்துக்கொள்கிறேன்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி ராணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன். ரைற்ஸைத் தவிர. அந்தக் குளிரில் அவர் என்னைக் காப்பாற்றியதை இரண்டு தரம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம், ஓம், சொன்னவர்," என்றார். "அந்த ஹோலிலை லைற்றையும் ஹீற்றரையும் சேத்துப் போட்டா பியூஸ் போயிடும். அதாலை விடியவே போய், ஹோல்காரனிட்டைச் சொல்லி, ஹீற்றரை நிப்பாட்டுவிச்சுப்போட்டு வந்தவர்."