ராத்தாவின் புளியங்கொட்டைப் பேணி

ராத்தா வபாத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. குர்ஆன் ஓதி நடக்கும் இந்தக் கத்தத்துக்கு வந்திருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும் அவரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதும் பொறுப்பு அவருடைய ஒரே தம்பியான என்மேல் விழுந்திருக்கிறது. அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக.

ராத்தா மருதமுனையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு வீட்டில் பிறந்தார். வாப்பா இளமையிலேயே காலமானதால், உம்மா நெய்து எங்கள் இருவரையும் படிப்பித்தார். ராத்தா தமிழ் ஆசிரியை ஆனார். நான் நீர்ப்பாசனக் காரியாலயத்தில் இலிகிதரானேன். கலியாணத்தோடு, எங்கள் ஊர் வழக்கப்படி, நான் கடற்கரையோரம் மனைவியின் வீட்டுக்குப் போனேன். ராத்தாவை முடித்த மச்சான் ராத்தாவின் வீட்டுக்கு வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சானும் நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை.

ராத்தா ஓய்வு பெற்ற பின்பும் பின்னேரங்களில் முற்றத்தில் பாய் விரித்து, அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மற்றவர்களைப் போல் பசுவைப் பற்றியோ தென்னையைப் பற்றியோ எழுதச் சொல்ல மாட்டார். “நீங்க போன பயணத்த எழுதுங்க. இந்தா பக்கத்தில இரிக்கிற நிந்தவூருக்குப் போனாலும் பயணம்தான்” என்பார்.

பிள்ளைகள் எழுதியதை அவர் சிவப்புப் பேனையால் தொட்டதில்லை. எழுதிய பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்கும் பிள்ளையின் மடியில் பால்மா வந்த தகரப் பேணி நிறையப் புளியங்கொட்டை. விளங்காத இடத்தில் ஒரு கொட்டையைப் பாயில் வைக்க வேண்டும். என்ன பிழை என்று வாய் திறக்கக் கூடாது. எழுதிய பிள்ளை அந்த வசனத்துக்குத் திரும்பிப் போய், யார் போனது, எப்போது போனது, முடிகிற சொல் அதற்கு ஒத்து வருகிறதா என்று தானே பார்க்கும். ‘நாங்கள் போனேன்’ என்று எழுதிய பிள்ளை தானே சிரித்துத் திருத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

எனக்கு இது பொறுக்காது. ஒரு நாள் கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, “ராத்தா, இந்த ஒரு பக்கத்தில மட்டும் இருபத்தொரு பிழை இரிக்கி” என்றேன்.

“எண்ணிட்டியா தம்பி? நல்லம். இப்ப அத உனக்குள்ளயே வெச்சிக்க” என்றார். பாய் முழுவதும் சிரித்தது.

சுனாமியாகக் கடல் வந்த நாளில் என் மனைவி மௌத்தானார். அன்று நான் ராத்தாவின் வீட்டுக்கு வந்தேன்.

அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மறு கிழமையே ராத்தா பேணியோடு போனார். உம்மாவை இழந்த சபீனா என்ற பிள்ளையை அங்கேதான் கண்டார். அந்தப் பிள்ளை எழுதியதை அவர் என்னிடம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, “நீயும் எழுது தம்பி. கொட்டய நான் வெச்சிக்கிறன்” என்று மட்டும் சொன்னார். நான் எழுதவில்லை.

யுத்தம் நடந்த அந்தக் காலத்துப் பயணக் கட்டுரைகளில் பஸ் ஓடியதைவிடப் பிள்ளைகள் இறங்கி நடந்ததே அதிகம். அத்தனை சோதனைச் சாவடிகள். யுத்தம் முடிந்து சாவடிகள் போன பிறகு, ஒரு பிள்ளை அக்கரைப்பற்றுப் பயணத்தை வாசித்தது: “எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம்.” சபீனா உடனே கொட்டையை வைத்தாள். சட்டத்தை மறந்து வாயையும் திறந்தாள்.

“ஏன்டி இறங்கின? அங்கதான் ஆமியே இல்லையே!”

“ஓம், இல்லதான். கை பழக்கத்தில எழுதிட்டு.”

ராத்தா கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அதன் பின் திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று கட்டுரைகள் நீண்டன. ராத்தா மட்டும் எங்கும் போகவில்லை. என்னைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. கட்டிலில் படுத்தபடி, கையில் ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார். “நீ எப்ப தம்பி எழுதப்போறா?” என்று என்னிடம் கேட்டார். நாளைக்கு என்றேன். மறுநாள் ளுஹர்த் தொழுகைக்கு முன் பிரிந்தார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் நானே ஐந்து தடவை பார்த்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ராத்தாவின் வீட்டில் எதையும் தனியே வாசித்து முடிப்பதில்லை. சபீனா இப்போது உயர்தரம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சோறு கொண்டு வருவாள். அவள் மடியில் பேணியை வைத்துவிட்டு வாசித்தேன். ஒரேயொரு கொட்டை வைத்தாள். ‘அன்று நான் ராத்தாவின் வீட்டுக்கு வந்தேன்’ என்ற வசனத்தில்.

“இலக்கணப்படி சரிதானே?” என்றேன்.

“சரிதான் மாமா. எனக்கு விளங்கல்ல.”

ஆகவே எழுதுகிறேன். வேலியில் சிக்கிக் கிடந்த என்னை யாரோ இழுத்து விட்டார்கள். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மேற்கே நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கேற்றையும் எண்ணிக்கொண்டு நடந்தேன். எண்ணுவதை விட்டால் திரும்பிப் பார்க்க வேண்டி வரும். சந்தியில் எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். ராத்தா கேற்றடியில் நின்றார். “உள்ளுக்கு வா தம்பி” என்றார். அவள் எங்கே என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எழுது என்று மட்டும்தான் சொன்னார்.

இதையும் வாசித்துக் காட்டியதும் சபீனா கொட்டையை எடுத்துப் பேணிக்குள் போட்டாள்.

ராத்தாவின் நோய்க்காலத்தில் முறை வைத்துப் பார்த்த அயல் வீட்டுப் பெண்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், கத்தத்துக்கு உதவிய பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. சபீனா வெள்ளிக்கிழமைதான் வருவாள். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் சத்தமாக வாசித்தால் கேட்க ஆளில்லை. இந்தப் பக்கம் வந்தால் கேற்றைத் தட்டுங்கள். பேணி மேசையில்தான் இருக்கிறது.