இஞ்சை பொடியள் ஒருத்தரும் இல்லை

போன கிழமை காரைத் திருத்தக் கொடுக்க, லண்டன் கோலியர்ஸ் வுட்டிலுள்ள கராஜுக்குப் போனேன். கராஜ் எனக்குப் பல் வைத்தியரிடம் போவது மாதிரி. என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவேன். அங்கே மெக்கானிக் ஒருவர் தோடம்பழ வாசனைப் பசையை அள்ளிக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மணம் வந்ததும் அங்கே கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நிரூபனின் கைகளில் எப்போதும் அந்த மணம். என் தங்கை மலரின் ஒரே மகன். யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலத்தில், சில துளி விட்டு வண்டி இஞ்சினைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தப் புகைக்குள் வளர்ந்தவன் அவன். பிறகு ஆமி, இலங்கை இராணுவம், ஊருக்குள் வந்து வீடு வீடாகப் பையன்களைத் தேடியது. நிரூபன் கூரைக்குக் கீழே பரணில் மூச்சடக்கிக் கிடப்பான். மலர் வாசலில் நின்று, "இஞ்சை பொடியள் ஒருத்தரும் இல்லை" என்பாள். குரல் நடுங்காமல் வரவேண்டுமென்று அதை அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பழகுவாளாம்.

அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, கணவனை இழந்த மலர் லண்டனுக்கு என்னிடம் வந்தாள். பயமும் கூடவே வந்தது. வாசல் மணி அடித்தால் திரையை விலக்கிப் பார்ப்பாள். கதவுச் சங்கிலியை மாட்டாமல் திறக்கமாட்டாள். தபால்காரரின் சீருடையைக் கண்டாலே பின்னறைக்குப் போய்விடுவாள்.

கனடாவில் கராஜ் ஒன்றில் வேலை என்று நிரூபன் சொல்லியிருந்தான். ஒரு முறை லீவில் வந்து என் காருக்கு பிரேக் மாற்றினான். ஓட்டிப் பார்க்கிற சாட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போய், தெருமுனையில் நிறுத்தினான்.

"மாமா, நான் வேலை செய்யிறது கராஜிலை இல்லை. கனடா ஆமியிலை."

"துவக்குத் தூக்கிச் சுடுற வேலையோ?"

"ஸ்பானர்தான். துவக்கும் தருவினம்." சிரித்தான். "அந்த நாடு என்னை உள்ளை விட்டது மாமா. ஆப்கானிஸ்தான் போறன். அம்மாட்டை நீங்கள் பக்குவமாச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவளிடம் உன் மகனும் ஆமி என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். செய்தியில் ஆப்கானிஸ்தானின் பெயர் வந்தால் ரிமோட்டைத் தேடுவேன். "குளிருக்கை நிண்டு வேலை செய்யிறான், பாவம்" என்று அவள் சொல்லும்போது பேப்பரால் முகத்தை மறைப்பேன். வீட்டில் மணி அடித்தால் இப்போது இரண்டு பேர் நடுங்கினோம். அவளுக்கு அது தெரியாது.

ஒரு காலை மணி அடித்தது. மலர் கதவைச் சற்றே திறந்தாள். குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சங்கிலி விட்ட இடுக்கில் ஒரு சீருடை. தோளில் கனடாக் கொடி. பக்கத்தில் ஒரு பாதிரியார். சாவுச் செய்தியை இராணுவம் இப்படித்தான் கொண்டுவரும் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

அவர்கள் மெதுவாக நிரூபனின் அம்மாவா என்று கேட்டார்கள். மலர் தன் கொஞ்ச ஆங்கிலத்தில், இங்கே பையன்கள் யாரும் இல்லை, எனக்கு மகனே இல்லை என்றாள். பழகிய குரல்; ஒரு சொல் நடுங்கவில்லை. அவர்கள் வீட்டு எண்ணைத் திரும்பப் பார்த்தார்கள். நான் தேநீர்க் கோப்பையோடு அசையாமல் நின்றேன். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவன் சாகவில்லை என்று தோன்றியது.

மலர் என் பக்கம் திரும்பி இரகசியமாகச் சொன்னாள்: "அண்ணை, அவனைத் தேடித்தான் வந்திருக்கினம். நீங்களும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

நான் போய்ச் சங்கிலியைக் கழற்றினேன்.

வழியில் நின்றுபோன வண்டியொன்றை இழுத்துவரப் போனவன். பாதையில் கண்ணிவெடி. பாதிரியார் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ, அவன் ஆமியெண்டு?"

"ஓம்."

என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சங்கிலியையும் அவள் மறுபடி போடவில்லை. மீட்டர் பார்க்க வந்தவர், மதம் பரப்ப வந்தவர், யார் மணி அடித்தாலும் கேட்காமலே கதவை அகலத் திறந்தாள். இப்போது அவளும் இல்லை. அவளுடைய அந்தப் பயத்தைத்தான் நான் தேடுகிறேன். அது இருந்தவரை, ஒளித்துவைக்க அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான்.