விசில் போட்ட அதிகாரி

அமெரிக்காவில் எடிசன் ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் நான் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் அதிகாரி ஒரு பிலிப்பைன்ஸ்காரர். ஊரில் கூடைப்பந்து கோச்சாக இருந்தவராம். குள்ள உருவம், கோட்டு, டை, அதன்மேல் ஒரு விசில். காலையில் விசில் ஊதி எங்களை வட்டமாக உட்காரவைத்து, எந்த லாரிக்கு யார் என்று சின்னப் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை திங்கள்கிழமை முதல் வேலைக்கு யார் யார் என்று சாப்பாட்டு அறைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தார். ஆறு பேரில் ஐந்து பெயர்தான் இருந்தது.

"டீம் செலக்‌ஷன் மாதிரியே பண்ணிட்டாருண்ணே. உங்க பேரு இல்ல," என்றார் கூட வேலை செய்த சேலத்துக்காரர்.

வேலை போனால் கம்பெனி கொடுத்த அறையும் போகும். நேரே அவரிடம் போனேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன், கோச்?"

அவர் சொன்ன இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது இதுதான்: "ஒண்ணும் இல்ல. நீ கடைசியா வந்தவன். என்னையும் இப்படித்தான் தூக்கினாங்க. வரிசையா பதினோரு மேட்ச் தோத்தேன். டீம் ஓனர் இங்க இருக்கிற தன் கம்பெனியிலயே என்னை ஆபீசராக்கிட்டார்."

"ஆபீஸ்ல தோக்கலையா?"

"இங்க ஸ்கோர்போர்டு கிடையாதே!"

சாயங்காலம் விசில் ஊதி, ஆட்டம் முடிந்ததுபோல் ஐவரையும் வரிசையாக நிற்கவைத்தார். ஒவ்வொருவராக என் கையில் தட்டி, "குட் கேம்" என்றார்கள். கடைசியாக அவரும் தட்டினார். பிறகு கம்பெனிக் கையுறையைத் திருப்பித் தரச் சொன்னார்.

அதன்பின் டெக்சாஸ் வரை பல இடங்களில் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டிருக்கிறார்கள். கையில் தட்டி அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அது மரியாதையா, பழக்கதோஷமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.