வெந்நீர்க் குளத்தில் நல்லெண்ணெய்

மலேசியாவுக்குக் கலர் டிவி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடைக்காரர் முதல் ஆளாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். சாயங்காலம் ஆனால் தெருவே அவர் கடை வாசலில் நின்று, செய்தி வாசிப்பவரின் டை என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த 1979 ஜனவரியில், பொங்கலுக்கு முதல் நாள் சனிக்கிழமை, நான், என் அண்ணன் ரெங்கசாமி, அண்ணி மூன்று பேரும் ரயில் ஏறினோம். ஈப்போவில் அண்ணியின் அக்காள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னோம். வழியில் கெர்லிங்கில் இறங்கி வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். மணியும் மைலும் காசும் தலையில் உள்ளபடி சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் ரயிலில் வடக்கே போய் நடுவில் வெந்நீரில் குளித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு உபயோகப்படும்.

இந்த நாட்டில் குளிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மனிதனுக்கு இல்லை, ரப்பர் மரத்துக்கு உண்டு. தை பிறக்கிற சமயத்தில் தோட்டமெல்லாம் இலை பழுத்து, செம்பு நிறமாகி, காற்றே இல்லாமல் தானாக உதிரும். விடியற்காலையில் பனி இறங்கும். ஜன்னல் திறந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தால் பல் அடிக்கும். வெந்நீர் ஊற்றுக்குப் போக அதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வண்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. நாற்பத்தேழு வயதில் வலது முட்டி மடங்க மறுத்துவிட்டது. ஆறு மாதம் ஒளித்து ஒளித்துப் பார்த்தார். ஃபோர்மேன் கண்ணில் பட்டுவிட்டது. பொங்கல் கழிந்த வியாழக்கிழமை மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே டாக்டர் முன்னால் மூன்று தடவை குந்தி எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் வேலை. எழாவிட்டால் வேலையும் போகும், பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். அந்த வீட்டில் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பள்ளிக்கூடத்தில். பின்னறையில் நான். நான் அப்போது போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் ஒருவர்தான் சொன்னார், கெர்லிங் தண்ணீரில் இறங்கி எழுந்த தன் மாமனார் ஊன்றுகோலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்று. அதை நம்பினோமா என்று கேட்காதீர்கள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திட்டம் போட்டது நான். படிக்கத் தெரியாதவன் ரயில் பயணத்துக்கு எப்படித் திட்டம் போடுவான்? கிள்ளானிலிருந்து வேலை முடிந்து வரும்போது கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஒரே கேள்வியை மூன்று நாள் மூன்று பேரிடம் கேட்பேன். மூன்று பதிலும் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்வேன். கெர்லிங்கில் நிற்கிற வண்டி காலை ஆறே காலுக்கு என்று இருவர் சொன்னார்கள், ஒருவர் ஏழு என்றார். அதனால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நேரே போய் நின்று அது கிளம்புவதைக் கண்ணால் பார்த்தேன். ஆறு பதினேழுக்குக் கிளம்பியது. இன்றைக்கும் நான் சொல்வது இதுதான். பலகையை நம்புங்கள், ஆனால் ஒரு ஆளையும் கேளுங்கள்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ரயில்வே பாஸ். நடுவில் இறங்க வேண்டுமானால் அந்த ஸ்டேஷன் பெயரைப் பாஸில் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். ஆபீஸ் கிளார்க் கெர்லிங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். முட்டி என்று வாயைத் திறந்தால் பேச்சு போர்டு வரைக்கும் போய்விடும். சொந்தக்காரர் வீடு என்று சொல்லி எழுதி வாங்கிவிட்டார் அண்ணன். எனக்கு டிக்கெட் இரண்டு வெள்ளி இருபது காசு.

பெரிய கஷ்டம் ஸ்டேஷனில்தான். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள், எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும். நொண்டாமல் நடக்க வேண்டும். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் தெருவில் அண்ணனுக்கு மூன்றடி பின்னால் நடந்தவர், அன்றைக்கு அவர் வலது கையைத் தன் கையோடு கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாரம் முழுக்க அண்ணிமேல். பார்க்கிறவர்களுக்குப் புதுப் பெண் மாப்பிள்ளை மாதிரி. டிக்கெட் பரிசோதகர் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்காரர்தான். அவர் சும்மா விடுவாரா?

"என்னா ரெங்கா, இந்த வயசுல ஹனிமூனா?"

அண்ணி தலை நிமிராமல், "முதல் தடவை எங்கேண்ணே கூட்டிட்டுப் போனாரு, இப்பத்தான் போறோம்லா" என்றார். பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அண்ணனைத் தூக்கி மேலே ஏற்றிவிட்டேன்.

ரவாங் தாண்டும்வரை இருட்டும் பனியும். அதற்கப்புறம் மெல்ல வெளுத்தது. செரண்டா, பத்தாங் காலி, ரசா. எனக்குப் பலகை படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு ஊரையும் இறங்குகிறவர்களின் முகத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். ரசாவில் ஒரு அக்காள் கூடை நிறையச் சாமந்தியோடு இறங்கினாள், பனிக்குள் அவள் மறைந்த பிறகும் பூ மட்டும் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் காடு. உதிர்ந்த இலை ரயில் காற்றில் எழும்பி எங்கள் மடியில் விழுந்தது. அண்ணன் கண்ணை மூடியபடி முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

கெர்லிங்கில் இறங்கும்போது எட்டு இருபத்தைந்து. ஊற்று அங்கிருந்து இரண்டு மைலுக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷன் வாசலில் ஒரு மலாய்க்காரர் பழைய காரை வைத்துக்கொண்டு நின்றார். கொண்டுபோய் விட, பிறகு மூன்றரைக்கு வந்து கூட்டிப் போக, மொத்தம் ஐந்து வெள்ளி. அண்ணன் காரில் ஏறிய விதத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரேயடியாக உட்காராதே, கால் மணி உள்ளே, கால் மணி வெளியே, மெதுவாக, மெதுவாக என்று மலாயில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்துக்கு ஓரமாக ஒரு பள்ளம். அதில் கல் அடுக்கிய குளம், நம் வீட்டுக் கூடம் அளவு. பனியும் ஆவியும் கலந்து எதிர்க்கரை தெரியவில்லை. அவித்த முட்டை வாசம். சுற்றி இலை உதிர்கிறது, தண்ணீரைத் தொட்டதும் சுருள்கிறது. கனவுக்குள் யாரோ நம்மை இறக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார், கோயிலில் பேசுவதுபோல.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். தமிழன்தான் செய்வான் அந்தத் தப்பை. சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்க்கிற நாள். போதாக்குறைக்கு முட்டி வலி. அண்ணி பூண்டும் ஓமமும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு சர்பத் பாட்டில் நிறையக் கொண்டு வந்திருந்தார். அண்ணனைக் கல்லில் உட்கார வைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பாட்டிலைக் காலி பண்ணினோம். ஆளைப் பிடித்தால் வழுக்கினார். அப்படியே குளத்தில் இறக்கிவிட்டோம். தண்ணீர் கழுத்தளவு வந்ததும் அண்ணன் விட்ட பெருமூச்சை நான் மறக்கவே இல்லை. ஆறு மாதம் அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

கொஞ்ச நேரத்தில் ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் தம்பி. இது குவாலி சட்டி இல்லே லா. மீன் பொரிக்க வந்தியா?"

எதிர்க்கரையோரம் தண்ணீருக்குள் ஒரு சீனக் கிழவர் எங்களுக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவே இல்லை. அப்பேக் என்று கூப்பிட்டோம், சீனப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. தோட்டக்காரர்களோடு வளர்ந்தவராம், தோட்டத் தமிழ் தண்ணீர்போல் வந்தது. அவர் தாடியில் எங்கள் எண்ணெய். குளம் முழுக்க வானவில் மாதிரி படலம் பரவி, பூண்டு மணத்தது. மத்தியானம் அரை நாள் வேலை முடிந்து தோட்டத்து ஆட்கள் பிள்ளைகுட்டியோடு வருவார்கள், கல்லில் எண்ணெய் படிந்தால் வழுக்கி மண்டை உடையும், போட்டவன்தான் எடுக்கணும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வெட்கமாக இருந்தது.

அவரே வழியும் சொன்னார். பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவந்த செய்தித்தாளைத் தண்ணீர்மேல் விரித்தால் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வரும். மீதியைக் கரையில் கிடந்த பால் டின்னால் மேலாக வழித்து, நாலடி தள்ளி இருக்கிற கால்வாயில் ஊற்ற வேண்டும். நான் டின்னை எடுக்கப் போனேன். அண்ணன் பிடுங்கிக்கொண்டார். பட்டறையில் எண்ணெய் சிந்தினால் சிந்தியவன்தான் துடைப்பான், அது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. முகம் கறுத்துப்போயிருந்தது. கரையோரம் குந்தி, குனிந்து, வழித்து, எழுந்து, கால்வாய்க்குப் போய் ஊற்றி, திரும்பி வந்து குந்தி...

நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் குந்தியிருந்தார். ஆறு மாதமாகச் சோற்றுக்குக்கூடத் தரையில் உட்காராத மனிதர், இரண்டு குதிகாலும் தரையில் பட, முட்டி முழுக்க மடிந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். எழுந்தார். ஊற்றினார். மறுபடியும் குந்தினார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. சொன்னால் ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் வலி வரும். அப்பேக்கும் பார்த்துவிட்டார். காலை இழுத்துக்கொண்டு வந்த ஆளை அவரும்தானே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை நோக்கி அண்ணி இரண்டு கையையும் கூப்பினார். அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டு, தண்ணீரில் தொங்கவிட்டிருந்த பையை எடுத்து முட்டை உரிக்க ஆரம்பித்தார். நான் எண்ணத் தொடங்கியதிலிருந்து இருபத்திரண்டு தடவை. மூட்டை எண்ணிப் பழகியவன், தப்பாது. இலை விழுகிற சத்தத்தையும் டின் கல்லில் உரசுகிற சத்தத்தையும் தவிர அந்த அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை.

குளம் தெளிந்தது. ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தார் அப்பேக். மறுபடியும் இறங்கினோம், கால் மணி உள்ளே, கால் மணி வெளியே. மூன்றரைக்குக் கார் வந்தது. நாலு நாற்பது வண்டி நாலு ஐம்பத்தைந்துக்கு வந்தது. ஈப்போவில் பொங்கல் நன்றாகப் பொங்கியது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பதினொன்றரைக்கு அண்ணன் வந்தார். மூன்று தடவையும் குந்தி எழுந்துவிட்டேன், இருந்தாலும் பட்டறை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், இலேசான வேலை, வீடு அப்படியே இருக்கும் என்றார். அண்ணி அடுப்பங்கரை வாசலில் சாய்ந்துகொண்டார். எப்படிக் குந்தினீங்க என்று கேட்டார்.

"தரையைப் பார்த்தேன். அங்கே எண்ணெய் கிடக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"பாதியிலேயே தெரியும். நீங்க ரெண்டு பேரும் செலை மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. நான் பேசினா போயிடுமோன்னு நானும் பேசலை."

அவருக்குத் தெரியாமல் நாங்களும், எங்களுக்குத் தெரியாமல் அவரும் அந்த ரகசியத்தை ஐந்து நாள் சுமந்திருக்கிறோம். முட்டி குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் வலித்தது. ஆனால் ஐம்பத்தைந்து வரைக்கும் வேலை பார்த்து, பிள்ளைகளைக் கரையேற்றி, தானாகத்தான் அந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது ஓடுகிற கொம்யூட்டர் ரயில் கெர்லிங்கில் நிற்பதில்லை. கோல குபு பாருவில் இறங்கி வாடகைக் கார் பிடியுங்கள், திரும்பி வர நேரமும் அப்போதே பேசிவிடுங்கள். குளம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சமீபத்தில் போனவர்களைக் கேளுங்கள், நான் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜனவரியில் போங்கள், ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள், ஆவி அப்போதுதான் தரையோடு நிற்கும். முதலில் காலை மட்டும் விட்டுப் பாருங்கள். எண்ணெயை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அப்பேக்கைப் பார்க்க அடுத்த இரண்டு பொங்கலுக்கும் ஒரு பை ஆரஞ்சோடு போனோம். மூன்றாவது வருஷம் அவர் இல்லை. ஹனிமூனா என்று கேட்ட டிக்கெட் பரிசோதகர் பென்ஷன் வாங்கிய மறுவருஷமே போய்விட்டார். அண்ணன் எழுபத்திரண்டு வயதில், தூக்கத்தில். அந்தக் குளக்கரையில் அவர் குந்தி எழுந்ததைப் பார்த்தவர்களில், என்னை விட்டால், இன்றைக்கு உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர்தான். கிள்ளானில் மூத்த மகள் வீட்டில் இருக்கிற என் அண்ணி, அஞ்சலை.